தேவசகாயத்தின் அறுபத்து நான்கு ஸ்லைடுகள்

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு, குருவுக்கு முப்பத்தேழு. ஆராய்ச்சிப் படிப்பில் இதெல்லாம் சகஜம். தேவசகாயம் ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். ஒன்பது வருடமாகப் பகுதிநேர ஆய்வாளர். தவளைகளின் குரலைப் பற்றிய அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டி முனைவர் ரிஸ்வானா.

மறுநாள் வைவா. வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் தேர்வாளர் வந்து, கேள்வி கேட்டு, திருப்திப்பட்டால்தான் பட்டம். பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து மச்சான்மார் வேனில் கிளம்புகிறார்கள். ஒன்பது வருட உழைப்பை அரைமணி நேரத்தில் சொல்லியாக வேண்டும். தேவசகாயத்துக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

ஒத்திகைக்காகக் கருத்தரங்கக் கூடத்தில் புரொஜக்டரைப் போட்டார். அறுபத்து நான்கு ஸ்லைடுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் கல்லூரிச் சின்னம். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து உட்கார்ந்தன. கடைசியில் பூங்கொத்தோடு ஒரு 'நன்றி'. அதற்கென்றே ஒரு சாயங்காலம் முழுக்கச் செலவழித்திருந்தார் மனிதர்.

ரிஸ்வானா மேடம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தேவசகாயம் அவருக்கு முதுகைக் காட்டி நின்று, திரையில் இருந்ததை ஒரு வரி விடாமல் வாசித்தார். பதினெட்டாவது ஸ்லைடிலேயே அரைமணி நேரம் தீர்ந்துபோனது.

"எப்படி மேடம் இருக்கு?"

"எல்லாமே இருக்கு சார்."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார், பாவம்.

"ஒண்ணைக்கூட விடலை மேடம். எக்ஸ்டர்னல் எதைக் கேட்டாலும் திரையில இருக்கணும்ல? கொஞ்சம் வேகமா வாசிச்சா முடிச்சிரலாம்."

"குறைக்க முடியாதா?"

"எதைக் குறைக்க? நான் பேசுறப்ப எதையாவது மறந்துட்டேன்னா? அவங்க படிக்கவும் செய்யலாம், நான் சொல்றதைக் கேட்கவும் செய்யலாம். ரெண்டும் இருந்தா நல்லதுதானே மேடம்?"

மேடம் தன் போனை எடுத்து நீட்டினார்.

"ஜர்னல்லேர்ந்து பதில் வந்திருக்கு. படிங்க."

ஜர்னலா! பதினோரு மாதமாகக் காத்திருந்த பதில். போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதோடு விட்டார்களா? 'மிக நுட்பமான கவனிப்பு' என்று வேறு எழுதியிருந்தார்கள். அந்த வரியை மூன்று தடவை படித்தார். பக்கத்தில் மேடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "சரி மேடம்... சரி மேடம்..." என்று தலையாட்டியபடி நாலாவது தடவையும் படித்தார்.

"இப்ப நான் என்ன சார் சொன்னேன்?"

தேவசகாயம் நிமிர்ந்தார். முழித்தார்.

"வாழ்த்துச் சொன்னீங்க."

"இல்ல. எக்ஸ்டர்னலுக்கு மத்தியானமே ரயிலாம். நாளைக்கு வைவா பதினொண்ணுக்கு இல்ல, பத்துக்குன்னு சொன்னேன். ரெண்டு தடவை சரின்னீங்க."

"ஐயையோ, பத்துக்கா!" மச்சான்மாரின் வேன் அவர் கண்முன்னால் ஓடியது. "பேசினது கேட்டுச்சு மேடம். விஷயம்தான் மண்டையில ஏறலை. படிச்சிட்டிருந்தேன்ல?"

"அது போகட்டும்." மேடம் எழுந்து போய்ப் புரொஜக்டரை அணைத்தார். "ஒன்பது வருஷமா என்ன கண்டுபிடிச்சீங்க? சொல்லுங்க, கேட்கிறேன்."

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதானே அவர் இத்தனை வருடம் இருந்தார்! கைகள் தானாகவே காற்றில் எழுந்தன.

"நாற்கரச் சாலை ஓரத்துக் குளம் மேடம். ஆண் தவளைங்க கத்துது, பெண்ணைக் கூப்பிட. லாரிச் சத்தத்தையும் மீறிக் கத்தும்னுதான் நானும் நினைச்சேன். கத்தலை! லாரி வர்ற சத்தம் கேட்டதுமே குளம் மொத்தமும் கப்சிப். லாரி போயி, சத்தம் தேய்ஞ்சு, ஒரு சின்ன இடைவெளி கிடைக்குது பாருங்க, அதுல அத்தனையும் சேர்ந்து கத்தும்! நானூறு பதிவுல முன்னூத்தி எழுபதுல அப்படித்தான். முதல்தடவை கேட்டப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு!"

மேடம் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "ஏன் சார் அது காத்திருக்கணும்?"

"பின்ன? ரெண்டு சத்தமும் ஒரே நேரத்துல வந்தா பெண் தவளைக்கு என்ன புரியும்? கத்துறவன் தொண்டைதான் வத்தும். லாரி பாட்டுக்கு ஒரு பக்கம், இவன் பாட்டுக்கு ஒரு..."

பேச்சு அப்படியே நின்றது. அணைந்து கிடந்த திரையைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்.

"மேடம், அப்ப எத்தனை ஸ்லைடு வைக்கலாம்?"

"உங்க குளம் சார். எத்தனை லாரி விடணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க."