கோட்டில் காத்திருந்த மாலை

பல்லடம் ரேஸ் திடலில் இருபது செகண்ட் போட்டி. எந்த வண்டியும் ஓடலாம். இருபது செகண்டை ஒட்டிக் கோட்டைத் தாண்டுபவருக்குக் கோப்பை. இருபது ஆகும் முன்பே தாண்டிவிட்டால் அவுட்.

மில் முதலாளி சடையப்பன் வெளிநாட்டு பைக்கில் வந்தார். பால்காரி வேலாத்தாளின் மொபெட்டைப் பார்த்துச் சிரித்தார். "தோத்தா இந்தப் பக்கமே வரக்கூடாது!"

"சரிங்க மொதலாளி. முதல்ல கோட்டைத் தாண்டுறவங்களுக்கு என் செலவுல மாலை, மேளம் ஏற்பாடு பண்ணியிருக்கேனுங்க."

கொடி அசைந்தது. சடையப்பன் நிதானமாகத்தான் கிளம்பினார். தூரத்தில் ரோஜா மாலை தெரிந்ததும் கை தானாக ஆக்சிலரேட்டரை முறுக்கியது. பதினாறே செகண்டில் கோட்டைத் தாண்டினார். மேளம் முழங்கியது, மாலை கழுத்தில் விழுந்தது.

எவ்வளவு முறுக்கினாலும் இருபதுக்குள் வராத மொபெட், இருபதரையில் வந்து சேர்ந்தது.

"முதலாளி அவுட்!" என்றார் நடுவர்.

"மாலை வாடிடுமுங்க மொதலாளி, சீக்கிரம் வாங்க, போட்டோ எடுத்துக்கலாம்," என்றாள் வேலாத்தாள். "கோப்பையை நான் பிடிச்சுக்கிறேனுங்க."