இடம் மாறியவர்

"மேடம், டெங்கு நோயாளிகள் மொத்தம் எத்தனை வகை?"

கேட்டவர் திருமேனி. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஐம்பது வயதில் இந்த ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலைப் பற்றி ஆராய வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த டாக்டர் எஸ்தர் அவரைவிட இளையவர்.

ரத்தப் பரிசோதனை எண்களைப் பார்த்து, ஒரே மாதிரியான நோயாளிகளைத் தானாகவே ஒன்றுசேர்க்க மெஷினைப் பழக்கியிருந்தார் திருமேனி.

"உங்க மெஷின் என்ன சொல்லுது?"

"மூணாப் பிரின்னா மூணாப் பிரிக்குது. அஞ்சுன்னா அஞ்சு. ரெண்டும் பொருத்தமாத்தான் இருக்கு. எது நிஜம்னு தெரியாம எனக்குத் தூக்கமே போச்சு."

எஸ்தர் எழுந்தார்.

"நர்ஸ் மேஜைக்குப் பக்கத்துல, கூடுதலா கவனிக்க வேண்டியவங்களுக்கான கட்டில் ஒண்ணு காலியா இருக்கு. யாரை அங்கே மாத்தலாம்? சொல்லுங்க."

திருமேனி மெஷினிடம் கேட்டார். மூன்றாகப் பிரித்தால் ஆபத்தான பிரிவில் ஒரே ஒருவர், ஒரு லாரி டிரைவர். ஐந்தாகப் பிரித்தால் எல்லைகள் நகர்ந்து, அவரோடு இன்னொருவரும் அதில் வந்தார். மரகதவல்லி, ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்.

டிரைவரை அந்தக் கட்டிலுக்கு மாற்றினார்கள்.

"இந்த அம்மாவை எந்தப் பக்கம் சேர்க்கிறது, மேடம்?"

"எனக்கும் தெரியலை. போய் அவங்க பக்கத்துல உட்காருங்க."

"நான் டாக்டர் இல்லையே."

"உட்காரத் தெரியுமில்ல?"

திருமேனி போய் உட்கார்ந்தார்.

மரகதவல்லி அவரைப் பார்த்ததும் சிரித்தார். "காய்ச்சல் விட்டுடுச்சு சார். எப்ப வீட்டுக்கு அனுப்புவாங்க? பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது."

என்ன பரீட்சை என்று கேட்டார் திருமேனி. பிளஸ் டூ என்றார். மகள் கணக்கில் கெட்டிக்காரி என்றார். சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதாம்மா?"

"காலையிலேர்ந்து லேசா. சாப்பிடாததாலன்னு விட்டுட்டேன்."

திருமேனி அவர் கையைத் தொட்டார். சில்லென்றிருந்தது.

"மேடம்!"

அவர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. எஸ்தர் வந்து நாடி பிடித்தார். உடனே டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். வயிற்றில் நீர் கோத்திருந்தது, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. திருமேனி ஓரமாக நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் மரகதவல்லியின் செருப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒழுங்காக வைத்தார்.

மறுநாள் மரகதவல்லி கஞ்சி கேட்டார்.

திருமேனி எஸ்தரின் அறைக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அப்போ அஞ்சுதான் சரி. இல்லையா மேடம்?"

எஸ்தர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வந்தவங்கள்ல, மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இடம் மாறுறவங்க யாராவது இருக்காங்களா?"

திருமேனி மெஷினைத் திறந்து இரண்டு விதமாகவும் பிரித்துப் பார்த்தார்.

"ரெண்டு பேர் இருக்காங்க," என்றார்.

ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் போனார்.