பாதியில் அணைத்த படம்

இந்தக் கதையில் கெட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. நல்லவர்கள் நாலு பேர் சேர்ந்தால் எவ்வளவு சிக்கல் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆகவே ஒன்றையும் விட்டுவிடாமல் கேளுங்கள். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்பேன்.

சென்னையிலிருந்து தோகா போகும் காலை விமானம். பதினெட்டாம் வரிசையில் ஜன்னலோரம் எட்வின் ஞானராஜ் உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில்காரர், டொராண்டோவில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. விமானத்தில் இருக்கும் திரையை அவர் தொடுவதில்லை. விமானம் விழுகிற மாதிரிப் படங்களை அதில் போடமாட்டார்கள் என்பது அவருடைய குறை. கையோடு கொண்டுவந்த டேப்லெட்டில்தான் பார்ப்பார். அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. கதையில் யாராவது செத்துப்போனால் மனிதருக்கு இரண்டு நாள் சோறு இறங்காது. அதனால் முடிவை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எந்தப் படத்தையும் பார்க்க உட்காருவார்.

அடுத்தவர்களைத் தொந்தரவு செய்கிற ஆள் இல்லை. காதில் ஹெட்ஃபோன், வெளியே ஒரு சத்தம் வராது. பக்கத்து இருக்கையில் ஒரு தாயின் மடியில் ஆறு மாதக் கைக்குழந்தை. அது பார்த்துவிடக் கூடாதே என்று டேப்லெட்டை ஜன்னல் பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். ஆறு மாதக் குழந்தைக்கு என்ன புரியும் என்று என்னைக் கேட்காதீர்கள். எட்வின் அப்படித்தான்.

சாய்த்த திரை, ஜன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள இடுக்குக்கு நேராக வந்தது. இடுக்கின் பின்னால் நறுமுகை இருந்தாள். வயது ஆறு. அம்மா செண்பகவல்லியோடு கோவில்பட்டியிலிருந்து புறப்பட்டு, டொராண்டோவில் இருக்கும் அப்பாவிடம் போகிறாள். அப்பாவைக் கடைசியாக நேரில் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயது. விமானத்தில் ஏறியது இதுதான் முதல் தடவை.

மகள் இடுக்கில் கண்ணை வைத்திருப்பது செண்பகவல்லிக்குத் தெரியும். முன்னால் இருப்பவர் ஏதோ படம் பார்க்கிறார் என்பதும் தெரியும். என்ன படம் என்று எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டாள். மூன்று நாள் பெட்டி கட்டிய அலுப்பு வேறு. பிள்ளை சத்தம் போடாமல் இருக்கிறதே, அதுவே பெரிது என்று கண்ணை மூடினாள்.

திரையில் ஒரு விமானம். இறக்கையில் தீ. அது தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தபோது எட்வின் எதற்கோ திரும்பினார். இடுக்கில் இமைக்காமல் ஒரு கண். பதறிப்போய் அந்த நொடியே படத்தை அணைத்தார். தோகா போய்ச் சேரும்வரை டேப்லெட்டை மறுபடி வெளியே எடுக்கவில்லை.

தோகாவில் அடுத்த விமானத்துக்கு வரிசையில் நின்றபோது நறுமுகை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரமாட்டேன். பிளேன் விழும். அந்த மாமா படத்துல பார்த்தேன். எல்லாரும் வாயைத் தொறந்து கத்துனாங்க, சத்தமே வரல. அந்த பிளேன் என்னாச்சும்மா?"

செண்பகவல்லி மகள் பக்கத்தில் குனிந்தாள். "ஏட்டி, அது சினிமா. பிளேன்லாம் விழவே விழாது. அம்மா மேல சத்தியம்."

"விழுந்துச்சே. நான் பார்த்தேனே. அது என்னாச்சு?"

வாசலில் பயணச்சீட்டு பார்த்துக்கொண்டிருந்த அலுவலர் தமிழ் தெரிந்த பெண். அவர் அருகில் வந்தார். "தூக்கிட்டு ஏறிருங்க மேடம். பத்து நிமிஷம் அழுவாங்க, அப்புறம் தூங்கிருவாங்க. தினமும் பார்க்கிறேன். இன்னும் பதினஞ்சு நிமிஷத்துல கதவைச் சாத்திருவோம்." இதை விட்டால் அடுத்த இடம் நாளை மறுநாள்தான் என்றும் சொன்னார். அதற்குள் இந்தப் பயம் வேர்விட்டுவிடுமே என்று தாய் தவித்தாள்.

அதே வரிசையில் பின்னால் நின்ற எட்வின் எல்லாவற்றையும் கேட்டார். முகம் செத்துப்போய் முன்னால் வந்தார்.

"தங்கச்சி, தப்பு எம்மேலதான். மிச்சப் படம் ஆறு நிமிஷம்தான் இருக்கு. பிள்ளைக்குக் காட்டட்டா?"

"காட்டுனது போதாதா அண்ணாச்சி? மறுபடியும் அதையே காட்டணும்னு சொல்லுதீங்க?"

அவர் வாதாடவில்லை. டேப்லெட்டை அவளிடம் நீட்டினார். "மொதல்ல நீங்க பாருங்க. பிறகு நீங்களே சொல்லுங்க."

சத்தியம் செய்தாள் தாய். தூக்கிக்கொண்டு ஏறச் சொன்னார் அலுவலர். விழுகிற விமானத்தை மறுபடியும் காட்டலாம் என்றார் எட்வின். இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: எட்வின் சொன்னதுதான். நறுமுகை இரண்டு தடவையும் கேட்டது ஒன்றையே: அந்த விமானம் என்ன ஆயிற்று? தாய் அதற்குப் பதில் சொல்லவில்லை; யாராலும் காப்பாற்ற முடியாத சத்தியத்தைச் செய்தாள். தூக்கிக்கொண்டு ஏறியிருந்தால், டொராண்டோ வரைக்கும் நறுமுகையின் தலைக்குள் அந்த விமானம் விழுந்துகொண்டே இருந்திருக்கும். எட்வின் பிள்ளைக்காகத்தான் அணைத்தார், ஆனால் அணைக்கவே கூடாத இடத்தில் அணைத்துவிட்டார். முடிவைக் கேட்டுக்கொண்டுதான் அவர் படம் பார்ப்பார் என்று முன்பே சொன்னேன்; அப்படியானால் அது யாரும் சாகாத படம் என்று நீங்கள் பிடித்திருக்க வேண்டும். செண்பகவல்லி முதலில் வேகமாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு மகளை மடியில் இருத்தி, இந்தத் தடவை ஹெட்ஃபோனையும் மாட்டிக் காட்டினாள். விமானம் ஓர் ஏரியில் இறங்கியது, எல்லோரும் நனைந்துகொண்டு வெளியே வந்தார்கள். "ஒரு தாத்தா செருப்பை விட்டுட்டு வந்துட்டாரும்மா" என்றாள் நறுமுகை. பிறகு எழுந்து, யாரும் தூக்காமல் தானே நடந்து போய் ஏறினாள். அந்த விமானத்தில் எட்வின் டேப்லெட்டைத் திறப்பதற்கு முன் எழுந்து நின்று, பின்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்.