பாரக் குண்டும் லேசுக் குண்டும்

குகதாசன் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகுதான் வேட்டை பழக வந்தார். பழக்கியவள் தவமலர். அவரைவிட வயதில் மிகவும் இளையவள். கனடாவின் வடக்கில், காட்டோரம் அவள் வீடு. குளிர்காலத்துக்கு வேண்டிய இறைச்சியைத் தானே வேட்டையாடிக்கொள்வாள்.

அவரிடம் இருந்தது பழைய துவக்கு. விசையோடு சேர்ந்த பிடியைக் கீழே இழுத்து மூடினால் அடுத்த தோட்டா ஏறும்.

அவள் வீட்டு மேசையில் மூன்று தோட்டாப் பெட்டிகளை வைத்தார்.

"எது நல்லது, தங்கச்சி?"

தவமலர் ஒன்றைத் திறந்தாள். குண்டுகள் ஊசிபோல் கூராக இருந்தன. மூடி அவர் பையிலேயே திரும்ப வைத்தாள்.

"உங்கட துவக்கில தோட்டாக்கள் குழாய்க்குள்ள ஒண்டுக்குப் பின்னால ஒண்டு படுத்திருக்கும். பின்னுக்கு இருக்கிறதின்ர கூர், முன்னுக்கு இருக்கிறதின்ர அடியில முட்டும். சுடேக்க வாற அதிர்ச்சியில உள்ளுக்கே வெடிக்கலாம், அண்ணை. இதுக்குத் தட்டை மூக்குத்தான் சரி."

மற்ற இரண்டும் தட்டை மூக்கு. ஒன்று லேசு, ஒன்று பாரம்.

"இதில எது?"

"லேசானது வேகமாய்ப் போகும். எலும்பில பட்டால் சிதறும். பாரமானது அவ்வளவு வேகமில்லை. ஆழமாய் இறங்கும்."

"அப்ப எது?"

"நாளைக்குக் காட்டுக்குப் போவம்."

குகதாசனுக்கு வேகம் பிடித்திருந்தது. மறுநாள் லேசானதையே நிரப்பிக்கொண்டு வந்தார். அவள் பார்த்தாள். முன்னால் நடந்தாள்.

சதுப்பு நிலத்துக்கு அப்பால் கொம்பு தெரிந்தது. அவர் துவக்கைத் தோளில் வைப்பதற்குள் மான் புதருக்குள் இறங்கிவிட்டது.

"பொறுங்கோ," என்றாள் தவமலர். "வெளியில வரட்டும்."

புதர் அசைந்தது. அவர் சுட்டார்.

போய்ப் பார்த்தபோது மான் இல்லை. புல்லில் இரத்தம் இருந்தது. சிறிது தூரத்தில் அதுவும் நின்றுபோனது. தவமலர் குனிந்தபடியே நடந்தாள். குகதாசன் முழங்கால்வரை சேற்றில் புதைந்து புதைந்து பின்னால் வந்தார். மதியம் தாண்டியது. இருவரும் சாப்பிடவில்லை.

விழுந்து கிடந்த மரத்தடியில் மான் படுத்திருந்தது. முன்னங்கால் தொங்கியது. உயிர் இருந்தது. அது அவர்களைப் பார்த்தது.

குகதாசன் துவக்கை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"கிட்டப் போங்கோ. கழுத்தடியில."

அவர் போனார். சுட்டார். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

தவமலர் கத்தியை எடுத்துத் தோள்பக்கம் கீறினாள். முதல் குண்டு எலும்பில் பட்டுச் சிதறியிருந்தது. ஈயத் துணுக்குகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரமானதைப் போட்டிருந்தால், அந்த இடத்திலேயே விழுந்திருக்குமோ, தங்கச்சி?"

அவள் கத்தியைப் புல்லில் துடைத்தாள்.

"நீங்கள் எதைப் பார்த்துச் சுட்டனீங்கள்?"

குகதாசன் துணுக்குகளோடு கையை மூடினார்.

"இலை அசைஞ்சதை."

"இலைக்கு லேசானதே போதும், அண்ணை."