தபால் வந்தது, கப்பல் வரவில்லை

முட்டாள்கள் கப்பல் கம்பெனி நடத்தக் கூடாது என்று அந்தக் காலத்துச் சட்டத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்தக் குறையால்தான் அலைவாய்ப்பட்டணத்து ஆவுடையப்பனுக்குத் தபால் மானியம் கிடைத்தது.

நீராவிக் கப்பல் புதிதாக வந்திருந்த சமயம். அலைவாய்ப்பட்டணத்திலிருந்து பவளத்தீவுக்குக் கடிதம் கொண்டுபோகும் கப்பலுக்கு வருஷா வருஷம் மானியம் தருவதாகச் சர்க்கார் அறிவித்தது. பாய்மரக் கப்பல்காரர்கள் யாரும் முன்வரவில்லை. ஆவுடையப்பன் மட்டும் தன் ஒரே நீராவிக் கப்பலை நம்பிப் போய் நின்றார். சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டது. முதல் பயணத்தில், புறப்பட்ட மறு வாரம் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் தபால் பவளத்தீவு சேர வேண்டும். சேர்ந்தால் ஐந்து வருஷ மானியம். சேராவிட்டால் ஒன்றும் கிடையாது, கப்பலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.

கப்பல் கைவிட்டுப் போனால் அவருக்கும் அவர் மைத்துனர்கள் இருவருக்கும் வேறு பிழைப்பு தெரியாது. இந்தப் பிழைப்பும் தெரியாது என்பது வேறு விஷயம். மூத்த மைத்துனர் தில்லைக்கண்ணு கப்பலின் கேப்டன். சின்னவர் மாசிலாமணிக்கு இஞ்சின்.

ஒப்பந்தத்தை மூவரும் மனப்பாடம் செய்தார்கள். முதல் விதி: வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கப்பல் புறப்பட வேண்டும், யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது.

எட்டு அடித்தது. கேப்டன் தில்லைக்கண்ணு இன்னும் கரையில் மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் கப்பலை எடுக்கச் சொல்லிவிட்டார்.

"அண்ணன் இன்னும் ஏறலையே அத்தான்," என்றார் மாசிலாமணி.

"யாருக்காகவும்னு போட்டிருக்கு மாப்பிள்ளே. கேப்டன் நீங்கலாகன்னு போடலியே."

தில்லைக்கண்ணு ஒரு கட்டுமரத்தில் ஏறித் துடுப்புப் போட்டுத் துரத்தினார். கப்பலில் பெரிய ஆலோசனை நடந்தது. நின்றால் காத்திருந்ததாக ஆகிவிடும். ஓடிக்கொண்டே இருந்தால் ஆகாது. எனவே கப்பல் துறைமுகத்தில் வட்டமடிக்கத் தொடங்கியது. கேப்டனும் விடாமல் பின்னாலேயே வட்டமடித்தார். ஆறாவது சுற்றில் கை சளைத்து அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கப்பல் சுற்றி வந்து அவர் பக்கத்திலேயே போக, கயிற்றைப் பிடித்து ஏறிக்கொண்டார்.

கரி அள்ளிப் போட வந்த நான்கு ஆட்கள் மூன்றாவது சுற்றிலேயே கடலில் குதித்துக் கரைக்கு நீந்திப் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் விவரம் தெரியும்.

அதன்பிறகு எட்டு நாள் மாசிலாமணியே கரி அள்ளினார். எந்தத் தப்பும் நடக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்தான். வெள்ளிக்கிழமை பிற்பகல் பவளத்தீவின் மலை தெரிந்தது. அப்போது ஓர் அலை மேல்தளத்தில் ஏறி ஆவுடையப்பனின் ஒரு செருப்பை அடித்துக்கொண்டு போனது.

"ஆபத்து வந்தா முதல்லே தபாலைக் காப்பாத்தணும். ரெண்டாவது விதி," என்றார் தில்லைக்கண்ணு.

"இது ஆபத்தா அண்ணே?"

"எனக்கு ஆபத்துதான்," என்றார் ஆவுடையப்பன். "இன்னிக்குச் செருப்பு போச்சு. இன்னொரு அலை வந்தா தபால் போகும்."

உயிர்ப்படகைக் கடலில் இறக்கி, கப்பலின் பின்னால் கட்டி, பன்னிரண்டு தபால் மூட்டைகளையும் அதில் அடுக்கினார்கள். மூன்றாவது விதி, தபாலோடு எப்போதும் பொறுப்பான ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்றது.

"நம்ம மூணு பேர்லே யாரு பொறுப்பானவர்?" என்று கேட்டார் மாசிலாமணி.

ஒருவரைச் சொன்னால் மற்ற இருவருக்கும் மனக்கஷ்டம். குடும்பத்தில் விரிசல் வேண்டாம் என்று மூவரும் படகில் இறங்கிவிட்டார்கள். கப்பல் தன் பாட்டுக்கு அவர்களை இழுத்துக்கொண்டு போனது. கரி போட ஆளில்லாததால் கொஞ்ச நேரத்தில் நின்றது.

"எட்டு நாளா ஓடியிருக்கு, பாவம்," என்றார் மாசிலாமணி. கயிற்றை இழுத்துக்கொண்டு கப்பலுக்கு முன்னால் போய், மூவரும் துடுப்புப் போட்டுக் கப்பலை இழுக்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் இழுத்ததாலோ, நீரோட்டம் இரக்கப்பட்டதாலோ, சனிக்கிழமை பதினொரு மணிக்குத் துறைமுகம் கூப்பிடு தூரத்துக்கு வந்தது. அதற்கு மேல் கப்பல் அசையவில்லை. கரையில் தபால் குமாஸ்தா பொன்னுரங்கம் கடிகாரமும் கையுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஒரு குடும்பம் கண்ணெதிரே கெட்டுப்போவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

"கயித்தை அறுத்து விட்டுடுங்கய்யா," என்று கத்தினார். "தபால் வந்தா போதும்."

மூவரும் யோசித்தார்கள்.

"அறுத்துடலாம். ஆனா நாம எந்தப் பக்கம் இருக்கிறது?" என்றார் தில்லைக்கண்ணு.

"மானியம் கப்பலுக்குத்தானே மாப்பிள்ளே. கப்பலை அநாதையா விட்டுட்டுப் போனா, நாளைக்கு யாருன்னு சொல்லி வாங்கறது?"

"தபாலுக்குக் காவல்?" என்று கேட்டார் மாசிலாமணி.

"அதோ அந்த ஐயா வெச்ச கண் வாங்காம பார்த்துக்கிட்டு நிக்கிறாரே. நம்மைவிடப் பொறுப்பானவராத் தெரியுது."

மூவரும் கப்பலில் ஏறிக் கயிற்றை அறுத்தார்கள். பொன்னுரங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அலை கரையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. ஆளில்லாத படகு ஆடி அசைந்து வந்து, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது துறையில் முட்டி நின்றது. மூட்டை பன்னிரண்டும் நனையாமல் இருந்தன. அவர் எண்ணிப் பார்த்து, தபால் உரிய நேரத்தில் சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மீனவர்கள் கப்பலைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். காகிதத்தை வாங்கிய ஆவுடையப்பன் சந்தோஷம் தாங்காமல் தேம்பி அழுதார்.

"எப்படியோ கொண்டுவந்து சேர்த்துட்டீங்க," என்றார் பொன்னுரங்கம்.

"நாங்க எங்கேய்யா கொண்டுவந்தோம்? அதுவா வந்துது," என்றார் ஆவுடையப்பன். முட்டாள்தான், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. அடுத்த வியாழக்கிழமை எட்டு மணிக்கு மூவரும் ஊருக்குப் போகவேண்டிய தபாலைப் படகில் ஏற்றினார்கள்; அதற்கும் மறு வாரம் சனிக்கிழமை பன்னிரண்டு மணிதான் கெடு. அதன் மூக்கை அலைவாய்ப்பட்டணத்தின் பக்கம் திருப்பி, பத்திரமாக வந்து சேரச் சொல்லித் தள்ளிவிட்டார்கள். கனமில்லாத கப்பலில் சுகமாகக் கிளம்பி, படகுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தார்கள்.

கெடு வைத்த சனிக்கிழமை காலை தபால் அதிகாரி துறைமுகத்துக்கு வந்து, தபால் எங்கே என்று கேட்டார்.

"பின்னாலே வருதுங்க," என்றார் ஆவுடையப்பன்.

பதினொன்று அடித்தது. கடலில் ஒன்றையும் காணோம். மாசிலாமணி கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். "வழி தவறியிருக்குமோ அத்தான்?"

"எப்படித் தவறும்? போறப்ப நம்ம கூடத்தானே வந்துது. பார்த்த வழிதானே."

"வழி தெரியும் சரி," என்றார் தில்லைக்கண்ணு மெதுவாக. "சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ளே வரணும்னு அதுகிட்ட யாராவது சொன்னீங்களா?"

பத்திரமாக வரச் சொன்னார்களே தவிர, நேரத்தை யாரும் சொல்லவில்லை. அதிகாரியிடம் பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூவரும் கப்பலில் ஏறிப் பவளத்தீவைப் பார்த்து விரைந்தார்கள், தபாலிடம் நேரத்தைச் சொல்லிவிட்டு வர.