எடை மேடையில் ஏறாதவள்

துளசிமணி முன்பு பந்தயக் கார் ஓட்டியவர். இப்போது மற்றவர்களுக்கு ஓட்டச் சொல்லித் தருகிறார். அவரிடம் கற்றவள் மேகலா.

நாட்டிலேயே பெரிய பந்தயம் அது. மேகலா முதலாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்த நிகில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"அந்த வண்டியில ஒரு பூசணிக்காய உக்கார வெச்சிருந்தாலும் ஜெயிச்சிருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வண்டி அப்படித்தான் பறந்தது. இல்லையென்று சொல்ல யாராலும் முடியவில்லை.

பந்தயம் முடிந்ததும் எடை போடுவார்கள். ஓட்டியவரும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு எடையும் சேர்ந்து விதியில் சொன்ன அளவுக்குக் குறையாமல் இருந்தால்தான் வெற்றி செல்லும்.

மேகலா வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள். ஏற மாட்டேன், பூசணிக்காயையே வைத்து எடை போடுங்கள் என்றாள். மெக்கானிக்குகள் கெஞ்சிப் பார்த்தார்கள். வருஷம் முழுக்க அந்த வண்டியோடு கிடந்தவர்கள் அவர்கள். அவள் ஏறாவிட்டால் கோப்பை நிகிலுக்குத்தான் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

துளசிமணி வந்தார்.

"உண்மையச் சொல்லுங்கக்கா. ஜெயிச்சது நானா, வண்டியா?"

துளசிமணி எடை மேடைப் பக்கம் திரும்பினார். கணக்கில் சேர்க்காமல் வண்டியை மட்டும் ஒரு தடவை எடை பார்க்கலாமா என்று அதிகாரியிடம் கேட்டார். பார்த்தார்கள். விதி அளவுக்குக் குறைந்தது. வண்டியை இறக்கச் சொன்னார்.

"இப்ப நீ நில்லு."

மேகலா தனியாக ஏறி நின்றாள். அவ்வளவு பெரிய மேடையில் வந்த சின்ன எண்ணைப் பார்த்த மெக்கானிக் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"எல்லாரும் வண்டிதான்னு சொல்றாங்களேக்கா."

"போன வருஷம் எந்த வண்டி ஓட்டுன?"

"இதேதான். அப்ப இந்த வேகமெல்லாம் இல்ல."

"எத்தனாவதா வந்த?"

"கடைசியா."

"என்ன சொல்லி அழுத?"

மேகலா மேடையிலிருந்து இறங்கினாள்.

"நான் தோத்துட்டேன்னு."

துளசிமணி நிகிலுக்கும் கேட்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார்:

"அன்னைக்கு நீ வண்டியக் குறை சொல்லியிருந்தா, இன்னைக்குக் கோப்பைய வண்டிக்கே குடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன். வண்டியில ஏறு."