கிண்டியிலிருந்து விழாத நீர்

முன்னொரு காலத்தில், ஊர்க் குளத்துக்குக் காவல் போட்ட ராஜா ஒருவர் இருந்தார். மந்திரி அனந்தவீரர் கொடுத்த யோசனை அது. குடத்துக்கு ஒரு காசு வைத்தால்தான் துறையில் தண்ணீர் எடுக்கலாம். மாளிகைக்காரருக்கும் மண்குடிசைக்காரிக்கும் ஒரே வரி. "அரசரே ஆனாலும் விலக்கில்லை" என்று பெருமையாகப் பறையறைவித்தார் மந்திரி. என்ன சமநீதி, பாருங்கள்!

அரசவை விகடன் கொழுந்தப்பன் குடியிருந்தது கூலிக்காரர் தெருவில். அடுத்த வீட்டுச் சடைச்சி பொழுதெல்லாம் நெல் குத்தினால் கிடைப்பது இரண்டு காசு. ஒன்று கஞ்சிக்கு, ஒன்று தண்ணீருக்கு. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டதும் ஒரு குடம் போதவில்லை. வாய்க்காலில் தேங்கிய சேற்று நீரைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். பிள்ளை இன்னும் துவண்டது.

"அண்ணே, உங்க பேச்சுக்கு ராசா சிரிப்பாராமே. சிரிச்ச முகமா இருக்கறப்ப எங்க தண்ணியப் பத்திக் கேளுங்கண்ணே" என்றாள். கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னான் கொழுந்தப்பன்.

மறுநாள் சபையில், வரி யோசனைக்குப் பரிசாக மந்திரிக்கு ஒரு கிராமம் தானம். கையில் நீர் ஊற்றித் தாரை வார்த்தால்தான் தானம் செல்லும். கொழுந்தப்பனைக் கண்டாலே ஆகாத மந்திரி, அவனை மட்டம் தட்ட நினைத்து, "நீர் வார்க்கும் கிண்டியை நம் விகடர் ஏந்தட்டும், பிரபு" என்றார்.

ராஜா கை நீட்டினார். மந்திரி கீழே கை ஏந்தினார். கொழுந்தப்பன் கிண்டியைச் சாய்த்தான். ஒரு சொட்டு விழவில்லை.

"நீர் எங்கே?" என்று அதட்டினார் ராஜா.

"துறையில் இருக்கிறது, பிரபு. அரசரே ஆனாலும் விலக்கில்லை என்பது மந்திரியாரின் ஆணை. தாங்கள் காசு வைக்கவில்லை, காவலன் தரவில்லை. நல்ல நேரம் வேறு போய்க்கொண்டிருக்கிறது."

சபை குலுங்கியது. மந்திரி முகத்தில் ஈயாடவில்லை. ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வழி பிறந்துவிட்டது என்று நம்பினான் கொழுந்தப்பன், பாவம்.

"சரியாகச் சொன்னாய்! இன்று முதல் அரண்மனைக்கு வரி கிடையாது."

"குறைகிற வருமானம், பிரபு?" என்றார் மந்திரி.

"ஊரார் குடத்தின்மேல் ஏற்றிக்கொள்ளும்."

கொழுந்தப்பன் ராஜாவின் காலில் விழுந்தான். "ஏழைகள் செத்துப்போவார்கள், பிரபு! வரியைக் குறையுங்கள்!" என்று நிஜமாகவே அழுதான். ராஜா அதற்கும் சிரித்தார். விகடன் அழுதால் வேறு எப்படித் தெரியும்? தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

அந்த மாலையோடு அவன் நேரே துறைக்குப் போனான். அதைக் காவலனிடம் கொடுத்து, தன் தெருக் குடங்களை நிரப்பச் சொன்னான். சடைச்சி நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"ராசா மனசு எரங்கிட்டாராண்ணே?"

"இல்லம்மா. சிரிச்சாரு."

"அப்ப இந்த மாலைக்குண்டான தண்ணி தீந்துபோனா?"

கொழுந்தப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மறுபடியும் அவரைச் சிரிக்க வைக்கணும் தாயி."